மடுல்சீமை ஏற்றத்துக்கு ஒரு சைலன்சர்

பதுளையில் ஒரு வாலிபனின் கர்வம் எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபாய், பொருத்துக்கூலி தனி. தாஸிமின் கடையில் அது அகன்ற வாய் சைலன்சர் என்ற பெயரில் விலைபோனது. மாட்டிக்கொண்டு போகிறவனுக்கு இன்ஜினில் பலம் ஏறியதாகத் தோன்றும். ஏறியது சத்தம் மட்டும்தான் என்பது தாஸிமுக்குத் தெரியும். எரிந்த புகை வெளியேறினால்தான் புதுக்காற்று உள்ளே வரும். குழாய் ஒடுங்கினால் இன்ஜின் திணறும். தேவைக்கு மேல் அகன்றாலோ புகை வேகமிழந்து சோம்பும், மேட்டில் இழுவை போய்விடும். நல்ல குழாயில், போகிற புகை பின்னால் வருகிற புகையைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் விளக்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் அவன் விளக்குவதில்லை.

லுணுகலையில் பழைய இரும்பு விற்கும் வீரசிங்கம் ஒரு நாள் காலை சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த சைலன்சரைக் கண்டதும் தாஸிமுக்குக் கை துறுதுறுத்தது. அளவான வாய், துருவில்லாத உடல், எந்தக் கம்பெனி முத்திரையும் இல்லை. முகர்ந்து பார்த்தான். புகைக்கரி வாசமே இல்லை.

"என்ன வெல செல்றீங்க?"

"நீங்களே சொல்லுங்க மொதலாளி."

பேரத்தைத் தொடங்கி வைக்கும் வழக்கமான அவமதிப்பாக, "ஐந்நூறு" என்றான் தாஸிம். நெஞ்சிலடித்துக்கொண்டு நாலாயிரத்தில் ஆரம்பிக்க வேண்டிய மனிதர், "சரிங்க" என்றார். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் பொருளை விற்கவில்லை, இறக்கி வைத்துவிட்டுப் போகிறான் என்பது பஜாரில் பிறந்த எவனுக்கும் தெரியும். தாஸிமுக்கும் தெரியும். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு வந்ததைத் திருப்பிக் கொடுக்கப் பஜாரில் பிறந்த எவனுக்கும் கை வராது. தன் சின்ன பெட்ரோல் வேனிலேயே அதைப் பொருத்திக்கொண்டான்.

அன்று பின்னேரம் மடுல்சீமையிலிருக்கும் மச்சாள் வீட்டுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். மகள் றின்ஸாவுக்கு ஒன்பது வயது, குளிர் பட்டால் நெஞ்சு இழுக்கும். பதுளை தாண்டும்போதே அவள் நெஞ்சில் மெல்லிய விசில் தொடங்கிவிட்டது. மனைவி ஜெனீரா கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்து அமுக்கினாள். விசில் தணிந்து, மறுபடி வந்தது. அந்த விசிலைக் கேட்கும்போதெல்லாம் தாஸிமின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும். எத்தனையோ இரவு அதை எண்ணிக்கொண்டே விழித்திருக்கிறான்.

"ஐந்நூறு ரூபா சாமானப் போட்டுட்டு, கப்பல் வாங்கினவர் மாதிரி முகத்த வெச்சிருக்கீங்க" என்றாள் ஜெனீரா.

"பெட்ரோல் முள்ளப் பாரு. கடையில இருந்து அசையல்ல."

உண்மையில் அசையவில்லை. அதைவிட விசித்திரம், சத்தம் இல்லை. வளைவுக்கு வளைவு தேயிலை மலைகள் திரும்பிக்கொண்டிருந்தன, ஈரக் கொழுந்தின் பச்சை வாசமும் தொழிலாளர் லயத்து அடுப்புகளின் விறகுப் புகையும் ஜன்னலால் மாறி மாறி வந்தன. வேனோ யாரோ கயிறு கட்டி மேலிருந்து இழுப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

பசறையில் பேக்கரி முன்னால் பாண் வாங்க நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. திரும்பி வந்தபோது றின்ஸா இறங்கி, வேனுக்குப் பின்னால் குந்தியிருந்தாள்.

"வாப்பா, இஞ்ச பாருங்களேன். எல்லாம் ஒட்டுது."

சைலன்சர் வாயில் காய்ந்த இலைகளும் ஒரு பஸ் டிக்கெட்டும் அப்பிக்கொண்டிருந்தன. புகை தள்ளிவிட வேண்டிய இடம் அது. தாஸிம் உள்ளங்கையை நீட்டினான். குளிர். குழாய் கையை மெதுவாக, பசியோடு, உள்ளே இழுத்தது.

பக்கத்தில் ஒரு தெருநாய் நின்றது. குழாயை முகர்ந்திருக்க வேண்டும். வாலை ஆட்டியது, அவனைப் பார்த்தது, குரைக்க வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அதன் விலா எலும்புகள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வால் மட்டும் ஆடியது.

"ஏறு மகள். ஏறு, ஏறு."

கழற்றி எறிந்திருக்கலாம். முள்ளைப் பார்த்தான். அது அசையாமலே நின்றது. மச்சாள் வீட்டில் போய்ப் பார்ப்போம் என்று மனம் கணக்குப் போட்டது.

"வாப்பா, எனக்கு இழுப்பு நிண்டுட்டு" என்றாள் றின்ஸா பின்னாலிருந்து.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஜெனீரா.

மடுல்சீமை ஏற்றத்தில் வழக்கமாக முதல் கியரில் கெஞ்சும் வேன், மூன்றாவதில் பறந்தது. பனிமூட்டம் இறங்கியிருந்தது. பின்கண்ணாடியில் அது வேனைத் துரத்தி வருவதைப் பார்த்தான். துரத்தவில்லை. குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டது. மிக மெல்லியதாய். வேனின் பின்னால், கீழே.

விசில்.

மூச்சு ஏறும்போது ஒன்று. இறங்கும்போது ஒன்று. அவன் இரவெல்லாம் எண்ணிய அதே விசில். ஒன்பது வருடப் பழக்கம், எந்தத் தகப்பனுக்கும் தவறாது.

"றின்ஸா."

"என்ன வாப்பா?"

"மூச்ச ஒருக்கா விடு மகள். கண்ணாடியில."

குளிரில் ஜெனீராவின் பக்கக் கண்ணாடி மங்கியிருந்தது. அவனுக்கு முன்னாலும் ஆவி படிந்திருந்தது. பிள்ளை தன் பக்கக் கண்ணாடிக்குக் குனிந்து, வாயைக் குவித்து, ஊதினாள். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. ஊதிவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வளைவில் இன்ஜின் திக்கியது. இழுத்தது. விட்டது. இழுக்க முடியாமல் நின்று, மறுபடி இழுத்தது. வேன் நடுங்கியது.

"இவளுட உதடு!" ஜெனீரா கத்தினாள். "நீலமாப் போகுது! இஞ்ச பாருங்க, நிப்பாட்டுங்க!"

ஓரத்தில் நிறுத்தினான். கை சாவிக்குப் போனது. அங்கேயே உறைந்தது.

அணைத்தால்?

இன்ஜின் இன்னொரு தடவை திணறியது. பிள்ளையின் கண் செருகியது.

ஜெனீரா மகளைப் பின்சீட்டிலிருந்து மடிக்கு இழுத்து, இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அமுக்கினாள். மருந்து உதட்டிலேயே வெண்புகையாய் நின்று கலைந்தது. உள்ளே இழுக்க அங்கே எதுவும் இல்லை.

தாஸிம் அதைப் பிடுங்கினான். ஓடினான். ஈர ரோட்டில் முழங்காலிட்டான்.

"உங்களுக்குப் பைத்தியமா? என்ன செய்றீங்க?"

சைலன்சர் வாயில் வைத்து அமுக்கினான்.

இழுத்தது. ஆழமாய். நிதானமாய். விசில் தணிந்தது. இன்ஜின் சீரானது. உள்ளே, ஜெனீராவின் மடியில், பிள்ளையின் உதட்டுக்கு நிறம் திரும்பியது.

"வாப்பா ஏன் கீழ இருக்காரு உம்மா?" என்று கேட்டாள் றின்ஸா.

பனிக்குள் பாதை மேலேயும் தெரியவில்லை, கீழேயும் தெரியவில்லை. பெட்ரோல் முள் நின்ற இடத்தில் நின்றது. சற்றைக்கெல்லாம் குழாய்க்குள் விசில் மறுபடி தொடங்கியது. தாஸிம் அமுக்கினான். பிறகு இன்ஹேலர் டப்பாவின் முதுகைத் திருப்பி, இன்னும் எத்தனை அமுக்கு மீதி என்று காட்டும் சின்ன எண்ணைப் பார்த்தான்.

ஜெனீராவிடம் ஒரு மூச்சு, தன்னிடம் ஒன்று, குழாயில் ஒன்று. ஆள் மூன்று, மூச்சு மூன்று. டப்பாவில் மீதி நான்கு.