ஃபாதர் சவரிராயனின் மனங்காட்டி

ஃபாதர் சவரிராயனின் கழுத்தில் தொங்கிய மனங்காட்டி அன்றும் மஞ்சளாகவே எரிந்தது. பிரசங்கம் முடியுமுன்பே பாதிக் கோயில் காலியாகிவிட்டது. அவருக்கு அலுத்துப்போயிற்று.

போலி முகங்களும் போலிக் குரல்களும் உலகத்தை ஏமாற்றித் தீர்த்த பிறகு வந்த கருவி அது. பேசுகிறவர் மனதில் துளிச் சந்தேகமும் இல்லையென்றால் பச்சை, இருந்தால் மஞ்சள். பச்சை எரியாத வாயை இப்போதெல்லாம் யாரும் மதிப்பதில்லை. பாவம், முதலில் மாட்டிக்கொண்டவர்கள் டாக்டர்கள்தான். நேர்மையான டாக்டர் மனதில் எப்போதும் ஓர் 'ஆனால்' இருக்கும். அதனால் கடற்காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்தபோது, அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு பூசாரிகள், இமாம்கள், பாதிரியார்கள் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் சவரிராயனுக்கும் பச்சைதான் எரிந்தது. மீன் ஏலம் விடும் எஸ்கலின், வலிப்பு உள்ள தன் மகளுக்கு ஊசி போடலாமா என்று கேட்டாள். தெரியாமல் தலையாட்ட மனம் வராமல், சாமியார் ஆய்வறிக்கைகளை உட்கார்ந்து படித்தார். போடலாம் என்றுதான் எல்லாம் சொல்லின. எங்கோ லட்சத்தில் ஒருவருக்கு ஒவ்வாமை வரலாம் என்றும் சொல்லின. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது. அன்று பிடித்த மஞ்சள் போகவேயில்லை.

"நானே போட்டிருக்கேன். ஒன் பிள்ளைக்கும் போடு. ஏதாவதுன்னா நான் கூட இருக்கேன்," என்றார்.

"பச்சையா எரியட்டும் சாமி, அப்பம் பாப்போம்," என்றாள் எஸ்கலின்.

பக்கத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. தடுப்பூசி முகாமின் டாக்டர் நிலவழகி காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். "நீங்க படிக்காமலே இருந்திருக்கலாம் ஃபாதர்," என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, கேலி செய்ய அவளுக்குத் தெம்பும் இல்லை.

வேறு வழியின்றி ஆயரிடம் கெஞ்சி, ஃபாதர் பெனிற்றோவை வரவழைத்தார் சவரிராயன். பெனிற்றோ எதையும் படிக்கவில்லை. இது ஆண்டவர் தந்த மருந்து என்றார், விளக்கு பச்சைப்பசேலென்று எரிந்தது. மணல் தெரு முழுக்க வரிசை நின்றது. எஸ்கலினின் மகளும் போட்டுக்கொண்டாள். சவரிராயனுக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இரண்டாவது ஊசியும் போட்டால்தான் உடம்பில் பாதுகாப்பு பிடிக்கும். அதையும் பெனிற்றோவே சொல்லிவிடுவார் என்று நம்பினார்.

இரண்டாவது ஊசிக்கான ஞாயிறு வந்தது. ஊரில் ஒருவருக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லை, மாதா நம்மைக் காத்துவிட்டாள், இனி ஊசி எதற்கு என்று பெனிற்றோ பிரசங்கித்தார். மனதார நம்பித்தான் சொன்னார். பச்சை கொஞ்சமும் மங்கவில்லை.

சவரிராயன் பதறி எழுந்தார். "அது தப்பு. ரெண்டாவது ஊசி போடலைன்னா மொத ஊசி போட்டதே வீண்."

இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவருடைய மனங்காட்டி பச்சையாக எரிந்தது.

இரண்டு சாமியார்கள், இரண்டு பச்சை. சனம் இந்தக் கழுத்தையும் அந்தக் கழுத்தையும் மாறிமாறிப் பார்த்தது. இப்போதாவது யோசிப்பார்கள், ஏன் என்று ஒருவராவது கேட்பார்கள் என்று சவரிராயன் காத்து நின்றார்.

எஸ்கலின்தான் எழுந்து அருகில் வந்தாள். அவள் முகத்தில் உண்மையான பரிவு இருந்தது.

"சாமி, ஒங்க விளக்கு ரொம்ப நாளாவே சரியில்ல. ரிப்பேருக்குக் குடுங்க," என்றாள்.