தாய்வழிக் கிளை

அவளுடைய கிளை இடம் மாறியிருந்தது.

பாசியில் வாழும் நீர்க்கரடிகளின் உறவுமுறையை, மரபணுக்களைக் கொண்டு கணினியில் மரமாக வரைவது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிர்கள். ஈரம் வற்றினால் கால்களை உள்ளிழுத்துச் சுருண்டு உமியைப்போல் கிடக்கும். ஒரு சொட்டு நீர் பட்டால் எழுந்து நடக்கும். மாதிரியில் மனிதக் கை பட்டுக் கலப்படம் நேர்ந்தால் கண்டுபிடிப்பதற்காக, ஆய்வகத்தார் தம் மரபணுக்களையும் மரத்தில் சேர்த்திருந்தார்கள். மனிதர்கள் ஓரத்தில் தனிக் கொத்தாக நிற்பார்கள். இன்று அந்தக் கொத்தில் அவள் இல்லை. நீர்க்கரடிகளுக்கு நடுவே இருந்தாள்.

"நம்ம கூட்டமே வேண்டாம்னு அங்க குடி போயிட்டீங்களா மேடம்?" உதவியாளர் சிரித்தார். "டியூப் மாறியிருக்கும். புதுசா எடுத்துக் குடுங்க."

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தாள். பஞ்சு நனையவில்லை.

மறுநாள் மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, கணினி விசிறியின் இரைச்சலுக்கும் சூடேறிய தூசியின் நெடிக்கும் இடையே மரம் கிளை கிளையாகத் திரையில் விரிந்தது. புது மாதிரியிலும் அவள் நீர்க்கரடிகளுக்குள் இன்னும் ஆழமாகப் போயிருந்தாள். பயம் வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை. மேசையில் தண்ணீர்ப் புட்டி நிறைந்திருந்தது, மூடியில் தூசி. கடைசியாக எப்போது தாகம் எடுத்தது என்று யோசித்தாள். நினைவில்லை.

அவர்கள் ஒப்பிடும் மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. அவளுக்கு ஒரு மகள்.

கைப்பேசி அதிர்ந்தது. கணவர்.

"பாப்பா காலையிலேர்ந்து எந்திரிக்கவே இல்ல. ஜுரமும் இல்ல. தொட்டா காகிதம் மாதிரி இருக்கா. தண்ணி குடுத்தா வாயத் திறக்க மாட்டேங்கறா."

"குடுக்காதீங்க."

"என்ன?"

"தண்ணி குடுக்காதீங்க. நான் வந்துடறேன்."

"பெத்தவ பேசற பேச்சா இது?"

வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. படுக்கையறையில் காய்ந்த சருகின் மணம். போர்வைக்குள் தலையணை அளவுக்கு ஒரு மேடு. அருகே கணவர். கையில் கரண்டி.

"வேண்டாம்னு சொன்னேன்ல?"

"ஒரு சொட்டுதாம்மா. உதடெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு."

போர்வை அசைந்தது. சருகு முறியும் ஒலி. ஓரத்தில் இரண்டு கைகள் மெல்ல நீண்டன.

"பாத்தியா, எந்திரிச்சுட்டா!" அவர் கண்கள் கலங்கின.

இரண்டு கால்கள்.

பிறகு இரண்டு.

போர்வை இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது.