தேர்வுக்கு முந்தின நாள்

செவ்வாய்க் கோளின் தெற்கு நகரத்தில், காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் நப்பின்னை முதல் காரியமாக ஒரு படைத்தளபதியைச் சாகவிட்டாள். பிறகு தேநீர் குடித்தாள். நூற்று முப்பது வருடங்களாக ஒரு கோட்டை வாசலில் வாளை ஓங்கியபடி நின்றிருந்தவன் அவன். ஆடிக்கொண்டிருந்த யாரோ பாதியில் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பழைய வீடியோ கேம்களின் பாத்திரங்களுக்கு, கருவியை அணைத்து வைத்தாலும், மங்கலான ஓர் உணர்வு மிச்சமிருக்கிறது என்று தெரியவந்தபின், அவர்களை நடுவழியில் நிறுத்தி வைப்பது கொடுமை என்று சட்டம் போட்டார்கள். நின்றுபோன ஆட்டங்களை ஆடி முடிக்கவென்று ஒரு துறை வந்தது. நப்பின்னை அதில் முடிப்பாளர். காதோரம் பதித்திருந்த உரைவாங்கி வழியாக அவளால் பாத்திரங்களோடு பேசவும் முடியும். பெரும்பாலானோர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று வந்தது உள்ளங்கை அளவு ஜப்பானியக் கருவி. புத்தகம்போல மடிந்தது. இரண்டு சின்னத் திரைகள், ஒரு பிளாஸ்டிக் எழுதுகோல். மந்திரப் பள்ளியில் படிக்கும் ஐந்து பிள்ளைகளின் கதை. கீழ்த்திரையில் சுழி வரைந்தால் மேல்திரையில் அவர்கள் மழையை வரவழைப்பார்கள். இறுதித் தேர்வுக்கு முந்தின நாளோடு ஆட்டம் நின்றிருந்தது. பிள்ளைகள் பள்ளிக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்ப நாள் காத்திருந்துட்டீங்க. இன்னிக்கே தேர்வை முடிச்சு வைக்கிறேன்" என்றாள் நப்பின்னை.

அவர்களில் மூத்தவளான சயோ எழுந்து நின்றாள். "முடிஞ்சதும் என்ன ஆகும் அக்கா?"

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. "சான்றிதழ் தருவாங்க. அப்புறம் பெயர்ப்பட்டியல் ஓடும்."

"அதுக்கப்புறம்?"

நப்பின்னைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மறுபடியும் நீங்க பள்ளிக்கு வர்ற முதல் நாள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது."

மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்த கெந்தா கையை நிறுத்தினான். "நாங்க காத்திருக்கவே இல்லையே. இங்க நல்லாத்தானே இருக்கோம். யார் முடிக்கச் சொன்னது?"

அவள் எழுந்து இயக்குநர் கார்மேகத்தின் அறைக்குப் போனாள். "சார், அவங்களுக்கு விருப்பமில்லை."

"விருப்பம் கேக்க படிவத்துல இடமே இல்லம்மா" என்றார் அவர், பரிவோடுதான். "ஆட்டம் நின்னாத்தான் சட்டப்படி கொடுமை. ஓடிக்கிட்டு இருந்தா நான் கேள்வி கேக்கப்போறதில்லை. சாயங்காலத்துக்குள்ள தொடங்கலேன்னா இயந்திரமே முடிச்சிரும்."

ஓடிக்கொண்டிருந்தால் போதும். நப்பின்னை திரும்பி வந்து தேர்வைத் தொடங்கினாள். மழைச் சுழியை வேண்டுமென்றே தலைகீழாக இழுத்தாள். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன: தேறவில்லை, அடுத்த பருவம் மீண்டும் எழுதலாம். ஐந்து பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

அப்படிப் பதினொரு பருவங்கள் ஓடின. மதியச் சாப்பாட்டை நப்பின்னை அந்தக் குளத்தங்கரையைப் பார்த்தபடியே சாப்பிடப் பழகினாள். மிட்சுகி என்ற குட்டிப் பெண் தினமும் ஒரே பாட்டைப் பாடினாள். தினமும் ஒரே இடத்தில் ராகம் தவறும். அந்த இடம் வரும்போது மற்ற நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து சிரிப்பார்கள். நப்பின்னையும் சிரித்தாள்.

துறையின் முடிவுகளை நகரத்துப் பொதுத்திரையில் காட்டுவது வழக்கம். பதினொரு முறை தோற்ற ஐந்து பிள்ளைகள் என்ற செய்தியைக் கண்டு ஊரே உருகிவிட்டது. கடிதங்கள் குவிந்தன. நகரத்தின் பெரிய பயிற்சி மையம் ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிறப்பு வகுப்பு எடுக்க அனுமதி வாங்கியது. நப்பின்னையின் வார விடுமுறை நாளில் அந்த மையத்தின் போதனை இயந்திரம் எழுதுகோலைப் பிடித்தது. குளத்துக்குப் போகும் வழியை அடைத்தது. பாட்டை நிறுத்தியது. ஆறு மணி நேரம் சுழிகளைத் திரும்பத் திரும்பப் போட வைத்தது. அன்று சாயங்காலமே தேர்வையும் எழுத வைத்தது.

மறுநாள் அவள் கருவியைத் திறந்தபோது, பள்ளி வாசலில் சயோ பையோடு தனியாக நின்றிருந்தாள்.

"அக்கா, மந்திரப் பள்ளிக்கூடம் இதுதானுங்களா? எனக்கு இங்க யாரையும் தெரியாது."

நப்பின்னை திரையருகே குனிந்தாள். "இதுதாம்மா. உள்ளே போ. குளத்துப் பக்கம் கெந்தான்னு ஒருத்தன் இருப்பான். நல்ல பையன்."

சயோ தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தாள். அவள் குளத்தை அடையுமுன் கார்மேகம் வந்து கருவியை மெல்ல மூடினார். "முதல் நாளுக்குத் திரும்பிட்டா ஆட்டம் முடிஞ்சதா அர்த்தம். ஃபைலை மூடியாச்சும்மா. உனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கு."

அவள் வெளியே வந்தாள். ரயில் நிலையச் சுவர் முழுக்கப் பயிற்சி மையத்தின் புதிய விளம்பரம். ஐந்து முகங்களுக்கும் கழுத்தில் டை வரைந்திருந்தார்கள். நூற்றுக்கு நூறு, கோளிலேயே முதலிடம், சேர்க்கை நடைபெறுகிறது.

அதன் முன்னால் ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்து நிறுத்தி, சயோவின் முகத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அவளைப் பாரு. பதினொரு தடவை ஃபெயிலாகியும் விடாம படிச்சு இப்ப எங்கே போயிட்டா பாரு! நீயும்தான் இருக்கியே."