காற்றுத் துளை

பாய்லர் மெக்கானிக் தோஹிர் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது, வெளியே இருந்த குளிரைவிட உள்ளே இருந்த குளிர்தான் அதிகம் உறைத்தது.

நமங்கான் நகரம் முழுக்கப் பனிமூட்டம். பிற்பகலிலேயே கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஆனால் அந்தக் காற்று அசையவாவது செய்தது. இங்கே அதுவும் இல்லை. ஈரப் பஞ்சு, புளித்த பால், கரி எல்லாம் கலந்த ஒரு வாடை மட்டும் நின்றது.

"வாங்க உஸ்தா! நேத்திலேர்ந்து போன் அடிக்கிறேன். பொண்ணு பார்க்க வர்ற மாப்பிள்ளைகூட இவ்வளவு பிகு பண்ண மாட்டான்" என்றான் ஒய்பெக், கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு.

"ஊர்ல பாதி பாய்லர் படுத்துக் கெடக்குது தம்பி. உன் வீட்டு பாய்லர் என்ன, ராஜா வீட்டுக் கன்னுக்குட்டியா?"

ஒய்பெக் சிரிக்கவில்லை. பக்கத்து அறையைக் காட்டினான். சுவர் முழுக்கப் போர்வைகள். நடுவில் அவன் மனைவி முனிஸா, மடியில் ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள்ளிருந்து பூனைக்குட்டி முனகுவது போலச் சத்தம் வந்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பிள்ளை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"உங்கம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட வேண்டியதுதானே?"

"சில்லா முடியலையே உஸ்தா! நாப்பது நாளுக்குள்ள பிள்ளையை வாசல் தாண்டவிட்டா எங்கம்மா என்னைத் தாண்டவிட மாட்டா. எப்படியாவது பத்த வைங்க" என்றான் ஒய்பெக்.

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் சமையலறை மூலையில் நின்றது. ஆளுயர இரும்பு. தோஹிர் திருகியை அழுத்திப் பொத்தானைத் தட்டினான். டிக். சின்னச் சுடர் நீலமாக எழுந்தது. விரலை எடுத்தான்.

அணைந்தது.

மறுபடி. மறுபடியும் அணைந்தது.

எரிவாயு சரியாகத்தான் வந்தது. பக்கத்து அடுப்பு கணகணவென்று எரிந்தது. சுடர் எழும் முனையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தான். அப்புறமும் அதே கதை. கடைசியில் குனிந்து பாய்லருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தான். வெளிக்காற்று உள்ளே வருவதற்கான துளை, தரையையொட்டி. அதில் சிவப்புப் பூப்போட்ட மெத்தைத் துணி இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

"அட அறிவாளி! சில்லா வீட்டுல காத்து படக்கூடாதுன்னு இதையும் அடைச்சியா? அது மூச்சு விடற துளைடா. காத்து வரலைன்னா விஷப் புகை மேல போகாது. வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதனாலதான் சென்சார் அணைச்சிடுது. அது மட்டும் இல்லைன்னா எல்லாரும் தூக்கத்துலயே போய்ச் சேர்ந்திருப்பீங்க."

"சத்தியமா நான் அடைக்கலை உஸ்தா."

தோஹிர் துணியை இழுத்து மூலையில் எறிந்தான். சுடர் நின்றது. 'புஸ்' என்று பாய்லர் பற்றிக்கொண்டது. ஒய்பெக் ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்தான். இருவரும் நடையில் நின்று குடித்தார்கள். அங்கிருந்து சமையலறை வாசலும் தெரிந்தது. பிள்ளையோடு உட்கார்ந்திருந்த முனிஸாவும் தெரிந்தாள்.

பாதிக் கோப்பை காலியாகவில்லை.

கிளிக்.

பாய்லர் அணைந்தது.

தோஹிர் உள்ளே போய்க் குனிந்தான். சிவப்புத் துணி துளைக்குள் இருந்தது, முன்னைவிட ஆழமாக.

யாரும் அவர்களைத் தாண்டிப் போகவில்லை.

"உஸ்தா..." ஒய்பெக் பக்கத்தில் வந்து குனிந்தான். "அந்த சென்சாரைக் கழட்டிட்டு ஒரு வயரைப் போட்டு விட்டுடுங்க. ஊரே அப்படித்தானே ஓட்டுது? உங்க வீட்டுல போடலையா?"

தோஹிர் கருவிப் பைக்குள் தீப்பெட்டியைத் தேடினான். போன குளிர்காலத்தில், பாய்லர் நொடிக்கொரு தரம் அணைகிறது என்று மனைவி கத்தியபோது போட்ட வயர் இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது. அதற்கப்புறம் அது ஒருநாளும் அணைந்ததில்லை.

தீக்குச்சி கிழித்துப் புகைக்குழாய் வாயருகே பிடித்தான். இழுவை இருந்தால் தழல் உள்ளே சாய வேண்டும்.

தழல் அவன் பக்கம் சாய்ந்தது.

பிறகு உள்ளே சாய்ந்தது.

பிறகு அவன் பக்கம்.

மெதுவாக. சீராக.

மூச்சு.

"அவதான்." முனிஸா வாசலில் நின்றிருந்தாள். கிசுகிசுத்தாள். "பகல்லயே வர்றா. மண்டி போட்டுட்டு அடைக்கிறா. 'பிள்ளைக்குக் காத்து படுது, காத்து படுது'ன்னு சொல்லிட்டே இருக்கா. நேத்து என் மடியில கை வெச்சு, 'குடு, நான் கதகதப்பா வெச்சுக்கறேன்'னா."

"யாரு?"

ஒய்பெக் தரையைப் பார்த்தான். "வீட்டை வித்தவரோட சம்சாரம். சில்லாவுலயே பிள்ளையோட போய்ச் சேர்ந்துட்டா. துளையை அடைச்சிருந்தாங்களாம். வயர் போட்ட பாய்லர். வீடு மலிவா வந்துச்சுன்னு... அவளோட அந்தச் செவப்புப் பூ மெத்தையும் இங்கதான் கெடந்துச்சு."

புகைக்குழாய்க்குள் ஏதோ நகர்ந்தது. கரி பொலபொலவென்று உதிர்ந்தது. கூடவே ஒரு முனகல், தாலாட்டு ராகத்தில்.

தோஹிர் எரிவாயுவை மூடினான். "பிள்ளையைத் தூக்கு. சில்லாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்கம்மா திட்டினா என் பேரைச் சொல்லு. கெளம்பு!"

சிவப்புத் துணியை உருவித் தன் கருவிப் பைக்குள் அடைத்தான். கொண்டுபோய் எரித்துவிடலாம்.

"உஸ்தா, அதை எடுத்துட்டுப் போகாதீங்க!" முனிஸா பதறினாள். "பொழுது சாஞ்சிடுச்சு. சில்லா வீட்டுலேர்ந்து பொழுது சாஞ்சு ஒரு துரும்புகூட வெளிய போகக்கூடாது. அதோட சேர்ந்து..."

"வாயை மூடிட்டு வண்டியில ஏறும்மா."

அவர்களை ஒய்பெக்கின் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வீடு திரும்பினான். பையைச் சமையலறையில் போட்டான். பாய்லர் கணகணவென்று உறுமிக்கொண்டிருந்தது. மனைவி ஹோசியத் சூப்பை நீட்டினாள்.

"ஊரெல்லாம் பத்த வெச்சிட்டு வந்தாச்சா? ஒரு வாய் சாப்பிட நேரம் கெடைச்சுதே மகராசனுக்கு" என்றவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ப்ச், தலை வலிக்குது. இப்பதான் ஆரம்பிச்சுது. நீ வந்ததுலேர்ந்து."

தோஹிரின் கரண்டி நின்றது. அவனுக்கும் பொட்டில் விண்விண்ணென்றது.

பையைத் திறந்தான்.

துணி இல்லை.

தவழ்ந்துபோய்ப் பாய்லருக்குப் பின்னால் பார்த்தான்.

சிவப்புப் பூக்கள்.

இழுத்தான். வரவில்லை. மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

விட்டுவிட்டு ஹோசியத்தின் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். வாசல், படி, பனி. இருவரும் முற்றத்தில் விழுந்தார்கள். அவள் இருமினாள், வாந்தியெடுத்தாள், அழுதாள். உயிர் இருந்தது. தோஹிர் தள்ளாடி எழுந்து, வெளிச்சுவரில் இருந்த எரிவாயுக் குழாயை இறுக மூடினான். அதோடு விடாமல் கைப்பிடியையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

உள்ளே உறுமல் அடங்கியது. சமையலறை ஜன்னல் இருண்டது.

"என்னய்யா ஆச்சு?" ஹோசியத் அவன் சட்டையைப் பற்றினாள்.

"ஒண்ணுமில்லடி. நான் போட்ட வயர். எல்லாம் முடிஞ்சுது."

பக்கத்து வீட்டை நோக்கி நாலடி வைத்தார்கள்.

பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம்.

தோஹிர் திரும்பினான். சமையலறை ஜன்னலில் நீல வெளிச்சம் மெல்ல ஏறியது. கண்ணாடியில் படிந்த ஆவிக்குப் பின்னால் ஒரு உருவம் மண்டியிட்டு, ஜன்னல் இடுக்குகளை ஒவ்வொன்றாக, பொறுமையாக, அடைத்துக்கொண்டிருந்தது.

அவன் கையை விரித்துப் பார்த்தான்.

குழாயின் கைப்பிடி அங்கேயேதான் இருந்தது.