மூன்று மில்லிமீற்றர்

நிறுத்திவைத்த படம் அசைந்திருந்தது.

டொக்டர் பெற்றிசியா ஸ்கான் திரையில் குடற்சுவரின் இரு விளிம்புகளிலும் வெள்ளைக் குறிகளை இட்டுவிட்டு, ஜெல் வழிந்த விரல்களைத் துடைக்கத் திரும்பிய கணந்தான். மறுபடி நோக்கியபோது சுவர் அக்குறிகளைத் தாண்டிச் சற்றே வெளியே கசிந்து நின்றது. கண்ணின் களைப்பென்று எண்ணிக்கொண்டாள். வெளியே கச்சான் காற்று உப்பையும் மணலையும் வாரிவந்து யன்னலில் உரசிக்கொண்டிருந்தது; கறுப்புத் திரையிட்ட அறையினுள்ளோ நண்பகலும் இருளாய், ஈரமாய், மருந்தும் வியர்வையும் கலந்த புளித்த மணத்தோடு தேங்கிக் கிடந்தது.

கட்டிலில் படுத்திருந்தவர் முசலியில் தையல் வேலை செய்யும் றாபியா. பல வருடமாகக் குடல் அழற்சி. முன்பெல்லாம் அதன் நிலையை அறிய, பேதி மருந்து குடித்து, யாழ்ப்பாணம் போய், குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். இப்போது மன்னாரிலேயே வயிற்றின்மேல் ஸ்கான் கருவியை வைத்துச் சுவரின் தடிப்பை அளந்துவிடலாம். மூன்று மில்லிமீற்றருக்குள் இருந்தால் குளிசையோடு வீடு திரும்பலாம். மீறித் தடித்துக்கொண்டே போனால், கடைசியில் குடலை வெட்டி, வயிற்றில் கழிவுப் பை பொருத்தவேண்டியதுதான்.

“பையைக் கட்டிக்கொண்டு எப்பிடி டொக்டர் தொழுறது?” வந்ததிலிருந்து றாபியா கேட்டது அது ஒன்றே. இப்போது தலையைத் தூக்கி, “பேச்சையே காணேல்ல. உள்ளுக்கு மீன் கீன் ஓடுதோ?” என்றார்.

“ஓடினால் பிடிச்சுத் தாறன், றாபியாக்கா. அசையாமல் படுங்கோ.”

மீண்டும் அளந்தாள். நான்கு. படத்தை நிறுத்தினாள். நிறுத்திய படத்தினுள், தண்ணீரில் போட்ட ரொட்டி ஊறுவதுபோல, சுவர் மெல்ல ஊதியது. ஐந்து. பார்வையை விலக்கினாள், நின்றது. பார்த்தாள்; ஊதியது.

வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, எத்தனை தடவையும் பார்க்கலாம், ஒரு தீங்கும் வராது. இந்தச் சோதனையைத் தொடங்கிய நாள்முதல் அவள் எல்லோருக்கும் சொல்லிவந்தது அதுவே. வங்காலை மக்டலினை மாதந்தோறும் பார்த்தாள். இலுப்பைக்கடவை யசோதாவை அதைவிட அடிக்கடி பார்த்தாள். இருவருக்கும் குடல் வெட்டப்பட்டது. நோயின் இயல்பென்றே நம்பியிருந்தாள்.

சட்டென்று கருவியை றாபியாவின் வயிற்றிலிருந்து எடுத்தாள்.

றாபியா எழுந்து சேலையைச் சரிசெய்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அல்ஹம்துலில்லாஹ். பயந்துபோய் வந்தனான், டொக்டர்.”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே.”

“சொல்லவேணுமோ? எனக்குக் கண் இல்லையோ? முதல்ல நீங்கள் காட்டின உங்கட குடலும் அச்சொட்டா இப்பிடித்தானே இருந்தது!”

வயிற்றைத் திறக்க வெட்கப்படும் பெண்களுக்காக அவளே ஏற்படுத்திய வழக்கம் அது. முதலில் தன் வயிற்றில் கருவியை வைத்து, “சுகமான குடல் இப்பிடித்தான்” என்பாள். அவ்வேளையில் அவள் நோக்குவது திரையை அன்று. எதிரே அமர்ந்தவரின் முகம் தெளிவதை. திரையைப் பார்த்தவர்கள் அவர்களே. வந்த பெண்கள் அத்தனை பேரும்.

றாபியாவை நிறுத்திச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வெளியேறியிருந்தார். கதவு சாத்திக்கொண்டது.

சட்டையை உயர்த்தினாள். ஜெல் பனிபோல் குளிர்ந்தது. கருவியை வைத்தாள். அழுத்தினாள்.

வலி இல்லை.

திரை முழுவதும் சுவர். சுவர் மட்டுமே. நடுவே இருக்கவேண்டிய வழியைக் காணவில்லை. குறிகளை இட்டாள், இடும்போதே அவை சுவருக்குள் மூழ்கின. கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள்ளும் அதுவே. சாம்பல் நிறமாய். ஊறிக்கொண்டு.

வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருந்தவர்களிடம் றாபியாவின் குரல் கலகலத்தது. “உள்ளுக்கு வாங்கோ, பிள்ளையள், எல்லாரும் வாங்கோ! வெக்கப்படாதேங்கோ. டொக்டர் முதல்ல தன்ரயைத்தான் காட்டுவா.”

வேண்டாம் என்று கத்த வாய் திறந்தாள்.

கதவு திறந்தது. பெண்கள் நாணச் சிரிப்போடு ஒருவர்பின் ஒருவராய் நுழைந்து திரையின் முன் கூடினார்கள். திரையொளியில் முகங்கள் வெளுத்தன. அத்தனை கண்களும் பார்த்தன.

அவள் தன் வயிற்றின்மேல் அழுத்தியிருந்த கருவி மெல்ல மேலே எழும்பியது.

அவள் அதைத் தூக்கவில்லை.