கௌதாரிமேட்டு நிழல்

காலை ஏழரை மணிக்குப் பவளத்தின் மேசைமேல் ஒரு இலையின் நிழல் கிடந்தது.

முதலில் அதை மை என்று நினைத்தாள். ராத்திரி பேனாவை மூடாமல் போய்ப் படுத்துவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு, பாதி பிளேடை எடுத்துச் சுரண்டினாள். வரைதாளில் விழுந்த மையை ரப்பரால் அழிக்க முடியாது, பிளேடால்தான் எடுக்க வேண்டும், அதுவும் பச்சைக் குழந்தைக்கு நகம் வெட்டுகிற பதத்தில். அப்படித்தான் சுரண்டினாள். மை வரவில்லை. இலைதான் பிளேடின் மேல் ஏறிக்கொண்டது. பிளேடை எடுத்தாள், மறுபடி தாளுக்கு இறங்கிக்கொண்டது.

ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உத்திரமேரூர் முடிகிற இடத்தில், களத்துமேட்டை ஒட்டி, ஆபீசுக்காக வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு அது. வெளியே ஒரு மின்கம்பம், அதற்கப்பால் அறுத்துப் போட்ட வயல், அதற்கும் அப்பால் மாசி மாதத்து வெள்ளை வானம். மரம் என்று சொல்ல ஒரு முருங்கைக் குச்சிகூட அந்த வாசலில் கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை. அந்த மேசை சாதாரண மேசை இல்லை. மேலே கண்ணாடி, உள்ளே இரண்டு டியூப் லைட். கண்ணாடிமேல் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தை ஒட்டி, அதன்மேல் வரைதாளை விரித்து, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் கோடு போடுவதுதான் அவள் வேலை. வெளிச்சம் கீழே இருந்து வருகிற இடத்தில் மேலே எப்படி நிழல் விழும்? பவளம் கையை வைத்து மறைத்துப் பார்த்தாள். இலை அவள் புறங்கையில் வந்து உட்கார்ந்தது. லேசாக ஆடியது. அறையில் காற்றே இல்லை.

அவளுக்குப் பயம் வந்தது. பயந்தால் கோபம் வருகிற ஜாதி பவளம். "போ அந்தப் பக்கம்" என்று ஈயை விரட்டுகிற மாதிரி கையை உதறிவிட்டு, பேனாவில் மை ஊற்ற உட்கார்ந்தாள். பத்து மணிக்கு மெட்ராஸ் ஜீப் வந்துவிடும். அதற்குள் இந்தத் தாளில் ஒரே ஒரு எண்ணைப் போட்டுக் கையெழுத்து வைத்தாக வேண்டும்.

தமிழ்நாடு முழுக்க எங்கே வயல், எங்கே ஏரி, எங்கே காடு என்று வரைந்து, எந்த இடத்தைத் தொடாமல் மிருகத்துக்கும் பறவைக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லப்போகிற வரைபடம் அது. ஜில்லா ஜில்லாவாக ஆள் போட்டிருந்தார்கள். வயலுக்கு ஒன்று, ஏரிக்கு இரண்டு, காட்டுக்கு நான்கு, தரிசுக்கு ஏழு. அந்த எண்தான் எல்லாம். நான்கு என்று போட்ட இடத்தில் ஒரு குச்சி ஒடிக்கக் கேள்வி கேட்பார்கள். ஏழு என்று போட்ட இடத்துக்கு யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம்.

போன வருஷம் கௌதாரிமேட்டுப் புதர்க்காட்டுக்கு ஏழு போட்டவள் பவளம்தான்.

அவள் பார்த்தது சித்திரை மாதத்துப் படம். சித்திரையில் புதர்க்காடு இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பச்சையைச் சிவப்பாகக் காட்டுகிற படம் அது, செடிகொடி இருக்கிற இடம் சிவப்பாகத் தெரிய வேண்டும், இலை இல்லாததால் சாம்பலாகத் தெரியும். சித்திரைப் படத்தை நம்பாதே, நடந்து போய்ப் பார் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வெயில் கொளுத்தியது, பஸ் வரவில்லை, தாள் அனுப்ப நாள் நெருங்கியது. பவளம் வீட்டிலேயே உட்கார்ந்து ஏழு போட்டாள். ஆறே மாதத்தில் யாரோ மனுப் போட்டு அங்கே மிஷின் வந்தது. காரையும் சூரையும் வெப்பாலையுமாக நின்ற மரங்களெல்லாம் வேரோடு வந்தன, வேரைக்கூட விடாமல் கரிமூட்டம் போட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் இருளர் குடியிருப்பிலிருந்து அம்சா வந்து இந்த வாசலில் நின்றாள். பவளத்தின் வயதுதான் இருக்கும். கூலி வேலை இல்லாத நாளில் கௌதாரிமேட்டில் கிழங்கும் மூலிகையும் எடுத்துப் பிழைத்தவள்.

"மேப்பு போட்றது நீதானா மா?" என்று கேட்டாள். "கௌதாரிமேட்ட தரிசுன்னு எளுதிக் கீறியாமே. என்னிக்கு வந்து பாத்தே?"

 அன்றைக்குப் பட்ட வெட்கம் பவளத்துக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மிச்சம் இருப்பது நரிப்புதர். குடியிருப்புக்கும் ஏரிக்கும் நடுவே இருநூறு ஏக்கர். இந்தத் தடவை பவளம் அம்சாவைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் அதற்குள் நடந்தாள். நரி வளை, உடும்புப் பொந்து, முயல் தடம், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். எழுதி முடித்த கையோடு நேற்று மேலதிகாரி வேதாசலத்தின் கடிதம் வந்தது. நரிப்புதருக்கு ஏழு போடவும், ஒரு கம்பெனி தைலமரம் வைக்கக் கேட்டிருக்கிறது, தங்கள் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் விஷயமும் என் பரிசீலனையில் உள்ளது. அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார். எண் போடாமல் தாள் போனால் மெட்ராசில் அவரே போட்டுக்கொள்வார் என்பது எழுதாமலே தெரிந்தது.

எட்டரை மணிக்குத் தாளில் ஒரு கிளையே இருந்தது.

பவளம் நிமிர்ந்து பார்த்தபோது இலைகள் கொத்துக் கொத்தாக மேசை விளிம்பு வரை பரவியிருந்தன, ஒவ்வொன்றின் காம்பும் கூர்மையாகத் தெரிந்தது, அறைக்குள் மழைக்கு மறுநாள் புதருக்குள் நுழைந்தால் அடிக்குமே அந்த ஈர மண் வாசனை, அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெப்பாலைப் பூவின் மணம், அதற்கும் அடியில், மூக்கு கண்டுபிடிப்பதற்கு முன்னால் தொண்டை கண்டுபிடித்துவிடுகிற கரிந்த வேரின் நெடி. பின்கழுத்தில் குளிர்ச்சி இறங்கியது. இந்தக் குளிர்ச்சியை அவளுக்குத் தெரியும்.

நாலு நாளைக்கு முன்னால் பட்ட குளிர்ச்சி. தை மாதத்துப் படத்தில், கௌதாரிமேடு இருந்த இடத்தில், ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. தண்ணீராக இருந்தாலும் கறுப்பாகத் தெரியும், மேகத்தின் நிழலாக இருந்தாலும் கறுப்பாகத் தெரியும். மேகத்தின் நிழல் என்றால் பக்கத்திலேயே மேகமும் இருக்க வேண்டும். படத்தில் மேகமே இல்லை. நடந்து போய்ப் பார்க்காமல் இனி எதையும் எழுதுவதில்லை என்று சபதம் எடுத்திருந்த பவளம், அம்சாவோடு போய்ப் பார்த்தாள்.

நட்ட நடு மத்தியானம். சாம்பலும் சல்லியுமாகக் கிடந்த வெற்று நிலம். அதன் நடுவே, ஏக்கர் கணக்கில், குளுகுளுவென்று நிழல். இலை நிழல், கிளை நிழல், இலைகளுக்கு நடுவே சில்லறை சில்லறையாக வெயில். மேலே ஒன்றுமே இல்லை.

அம்சா விளிம்பிலேயே நின்றுவிட்டாள். "மரத்த மட்டும் இஸ்த்துக்கினு போய்ட்டாங்கோ. இத்த வுட்டுட்டாங்கோ" என்றாள். "உள்ள போவாத மா. நாங்கோ சுத்திக்கினுதான் போறோம்."

பவளம் போனாள். நடுவில் நின்று நோட்டை எடுத்து, நிழல் உண்டு, மரம் இல்லை என்று எழுதினாள்.  நேரில் பார்த்தது அதுதான். அன்றைக்கு வெளியே வரும்போது பின்னால் ஏதோ சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. முள் என்று நினைத்துக் கையால் விலக்கிவிட்டாள். அங்கே முள் ஏது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"பவளம்மா!"

வாசலில் அம்சா. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள், படி ஏறவில்லை.

"வூட்டு மேல இன்னாமா இது? ஓட்டு மேலல்லாம் கீது. செவுத்துல எறங்கிக்கினு வருது. வெளிய வா!"

"எண்ணு போடணும் அம்சா. ஜீப் வரப் போவுது."

"நாளிக்கி போடு!"

"நாளிக்கி அந்தாளு போட்டுடுவாரு."

 நரிப்புதர் போனால் என்னென்ன போகும் என்று அம்சாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னாள்: "காடு போனாப் போவட்டும், நீ வெளிய வாம்மா." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே உள்ளே இருக்கலாம் என்று பவளத்துக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

நரிப்புதரைக் காணோம். அந்த இடத்தின்மேல்தான் நிழல் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அவள் போட்ட எல்லைக்கோடு தெரியவில்லை. முகத்தை மேசைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். டியூப் லைட்டின் வெளிச்சம் கண்ணில் குத்தியது, நிழல் மட்டும் வெளுக்கவில்லை. சுவரில் நிழல். படுக்கையில் நிழல். மாட்டியிருந்த சேலையில் நிழல். கூரைக்கு மேலே, ஓடே இல்லாத மாதிரி, பெரிய காற்று ஒன்று இலைகளுக்குள் புகுந்து புறப்படும் சத்தம். அதற்குள்ளே கௌதாரிகள். க-கூ-க-கூ என்று நாலு பக்கமும்.

பேனாவை எடுத்தாள். விரல் மரத்திருந்தது.

"இந்தா பாரு" என்றாள் நிழலைப் பார்த்துச் சத்தமாக.  "உனக்குப் பண்ணது தப்பு. நான்தான் பண்ணேன். வூட்ல குந்திக்கினு எளுதினேன். அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோ. ஆனா இதுக்கு நான் நாலுதான் போடப் போறேன். உனக்குப் பயந்துகினு இல்ல. அது நாலு. நான் நடந்து பாத்தேன்."

சத்தம் நின்றது.

காற்று நின்றது. கௌதாரி நின்றது. அம்சாவின் குரல்கூட நின்றது.

கட்டைவிரலால் தடவினாள். எல்லைக்கோட்டின் மை தாளில் மெலிதாக மேடு கட்டியிருந்தது. விரலிலேயே நரிப்புதரைச் சுற்றி வந்தாள். வடக்கே ஏரிக்கரை. தெற்கே குடியிருப்பு. இதுதான் நடு.

பேனாவை வைத்தாள். முழங்கையை ஏதோ தொட்டது. சொரசொரப்பாக. பார்க்கவில்லை.

ஒரு கோடு. இன்னொரு கோடு. குறுக்கே ஒன்று.

நான்கு.

கீழே கையெழுத்து. பவளம். தேதி. ஊதி ஊதி மையைக் காய வைத்தாள். மூச்சில் வெப்பாலை மணந்தது.

தாளைச் சுருட்டித் தகரக் குழாயில் போட்டு மூடிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியபோது யாரும் தடுக்கவில்லை. வெளியே நல்ல வெயில். திரும்பிப் பார்த்தாள். ஓட்டின்மேல் ஒன்றும் இல்லை. சுவரில் ஒன்றும் இல்லை. உள்ளே மேசை விளக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. பவளத்துக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாள் காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பு லேசானது. அம்சாவைப் பார்த்து, "போட்டாச்சி" என்று குழாயை ஆட்டிக் காட்டினாள்.

அம்சா சிரிக்கவில்லை. அவள் பவளத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் வந்து நின்றது. டிரைவர் சேட்டு இறங்கி வந்து கையை நீட்டினான். "இன்னா மேடம், ஏழுதானே? ஐயா கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

"நாலு. மை காஞ்சிடுச்சி. சுரண்டுனா தாளுல தடம் தெரிஞ்சிடும், சொல்லிடு. நோட்டோட நகல் கலெக்டருக்கு நேத்தே தபால்ல போயாச்சி, அதையும் சொல்லு."

சேட்டு குழாயை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான். "ஜில்லுனு கீதே இங்க. இன்னா மரம் மேடம் இது?" என்று சாதாரணமாக நிமிர்ந்து பார்த்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். பிறகு அவனும் தரையைப் பார்த்தான்.

அப்போதுதான் பவளம் குனிந்தாள்.

காலடியிலிருந்து மேற்கே நீண்டு கிடந்தது அவளுடைய நிழல். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய தண்டு. குழாயைக் கொடுத்த கையை அவள் எப்போதோ இறக்கிவிட்டாள். நிழலில் அந்தக் கை இறங்கவில்லை. அது கிளையாகி, கிளையிலிருந்து கிளை பிரிந்து, நுனியெல்லாம் இலையாக ஆடிக்கொண்டிருந்தது.

காலைத் தூக்கினாள். வரவில்லை. இன்னொரு காலைத் தூக்கினாள். அதுவும் வரவில்லை.

"போ சேட்டு" என்றாள்.

"மேடம்..."

"தாள எடுத்துக்கினு போடா!"

அவன் ஓடினான். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காஞ்சிபுரம் ரோட்டில் ஏறி மறையும்வரை பவளம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சா நிழலின் விளிம்பில் மண்டிபோட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் கை நிழலுக்குள் வரவில்லை.

தரையில், கிளையின் நிழல்மேல், சின்னதாக இன்னொரு நிழல் பறந்து வந்து இறங்கியது. இறக்கையை மடக்கியது. தலையைச் சாய்த்தது.

வானத்தில் ஒரு குருவிகூட இல்லை. பவளத்தின் தோளில் கனம் ஏறியது. பிறகு நகங்கள், ஒவ்வொன்றாக, ரவிக்கையைத் துளைத்துச் சதையைப் பற்றின.

பவளம் தோளை அசைக்கவில்லை.