கழுத்துப்பட்டி

வாமதேவனின் சட்டை முதுகில் ஒரு கிழிசல் இருந்தது. காலையில் மனைவி சிவனேஸ்வரி தன் கையால் அயர்ன் பண்ணிக் கொடுத்த சட்டை. ஷிப்ட் முடிந்து வந்து கழற்றும்போது தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாகப் பிளந்திருந்தது. "எதிலயோ கொழுவிப்போட்டுது போல," என்றுவிட்டு அவர் பின்னறையில் படுக்கப் போனார்.

நோர்பரி வீட்டின் முன்னறையில்தான் அவள் தையல் வேலை செய்வாள். டிசம்பர் மாதம், இந்தக் குளிர்தேசத்தில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. எமிகோ என்ற ஜப்பானியப் பெண் கொடுத்த பழைய நீலச் சட்டை மேசையில் கிடந்தது. எமிகோவின் பூட்டன் ஹவாய்க் கரும்புத் தோட்டத்தில் போட்டிருந்த சட்டை அது. அங்கே கூலிகளுக்குப் பெயர் கிடையாதாம், கழுத்தில் தொங்கும் தகட்டு எண்தானாம். குதிரையில் வரும் கங்காணி குனிந்த முதுகில் சவுக்கால் இழுப்பானாம். எதிர்த்துப் பேசிய பூட்டனை ஒருநாள் மரத்தில் தூக்கில் போட்டுவிட்டார்களாம். உள்பக்க லைனிங் துணியை மட்டும் மாற்றினால் போதும், கிழிசல்கள் அவருடையவை, தொடவேண்டாம் என்று எமிகோ இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

சிவனேஸ்வரி கேட்டாளா? கிழிந்த உடுப்பை வீட்டைவிட்டு அனுப்பினால் தரித்திரம் என்று வளர்ந்தவள். நேற்று முதுகில் ஒன்றைத் தைத்தாள், இன்று மத்தியானம் இன்னும் இரண்டு. கயிறு கிழித்த கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம்.

இப்போது துணியிலிருந்து கருகிய கரும்பின் வாசம் வந்தது, அதற்கடியில் குதிரை வியர்வை. தெருவில் பஸ் போன சத்தம் ஓய்ந்த பிறகும் அறைக்குள் ஏதோ பெரிதாக, பொறுமையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இஞ்சரும், முதுகு எரியுது. ஒருக்கா வந்து பாரும்," என்று பின்னறையிலிருந்து வாமதேவன் கூப்பிட்டார்.

ஓடிப்போய் விளக்கைப் போட்டாள். மூன்று கீறல்கள். அவள் தைத்த அதே மூன்று இடங்கள். ரத்தம் துளிர்த்திருந்தது.

"அசையாதேங்கோ அப்பா. இப்ப வாறன்."

தானே புருஷனை அடித்துவிட்டதுபோல் அழுகை வந்தது. திரும்பி ஓடித் தையல்களைப் பிரித்தாள். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது.

"இப்ப சுகமா இருக்கு," என்றார் அவர்.

அப்பாடா என்று கத்தரிக்கோலை வைத்தவள் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள்.

ஊசி அதில் நின்றது. அவள் குத்தவில்லை. இறங்கியது. ஏறியது. சின்னச் சின்னத் தையல்கள், அவளுடையதைவிட நேர்த்தி. பிடித்து இழுத்தாள். வரவில்லை. நூலை வெட்டினாள். வெட்டுப்படவில்லை.

"இஞ்சரும், கழுத்து..."

முருகா. இன்னும் மூன்று தையல். இரண்டு.

நூல் இறுகியது.

திறந்திருந்த பின்னறைக் கதவினூடே, அவள் போட்டுவிட்டு வந்த விளக்கு வெளிச்சத்தில், வாமதேவனின் பாதங்கள் நிலத்துக்கு ஒரு சாண் மேலே மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. மேலே கயிறு எதுவும் இல்லை.